ஆவணி வெயிலும் புரட்டாசி மழையும்: வீட்டுத் தோட்டத்தை எப்படித் தயார் செய்வது?

கேள்வி: தருமபுரி மாவட்டம் பாலக்கோடு அருகே வீட்டை ஒட்டி இரண்டு சென்ட்டில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறேன். ஆவணி பிறந்தும் வெயில் தணியவில்லை. தக்காளியில் பூவெல்லாம் கொட்டுகிறது, கத்தரி காய்ப்பு நின்றுவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு இப்போதே விதைக்கலாமா, மழை வந்தபின் தொடங்கலாமா?

பதில்: மழைக்காகக் காத்திருக்காதீர்கள். மழை வந்தபின் மண்ணைக் கொத்தத் தொடங்கினால், மண் வேலை முடிவதற்குள் நல்ல ஈரம் பாதி போய்விடும். ஆனால் இந்த வெயிலில் பாத்தியில் நேரடியாக விதைப்பதும் வீண். இப்போது செய்ய வேண்டியவை இரண்டு: மண்ணைத் தயார் செய்வது, நிழலில் நாற்று விடுவது.

முதலில் நிற்கும் செடிகள். பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் போனால் தக்காளியில் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். இதற்கு மருந்து அடிப்பது காசுக்குக் கேடு. இலை சுருண்டு செடி குட்டையாகியிருந்தால் அது வேறு விஷயம். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய் அது. புது நாற்றுக்கும் தொற்றும் என்பதால் அந்தச் செடிகளை உடனே அப்புறப்படுத்துங்கள். கத்தரியைப் பிடுங்க வேண்டாம். தண்டு திடமாக இருந்தால், மாலை நேரத்தில் தரையிலிருந்து ஓர் அடி விட்டு மேலே உள்ளதை வெட்டிக் கவாத்து செய்து, தொழுவுரம் வைத்துத் தண்ணீர் விடுங்கள். புதுத் துளிர் விட்டு மழைக்காலத்தில் மறுபடி காய்க்கும்.

பிடுங்கும் செடிகளின் வேரைக் கட்டாயம் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால், வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு இருக்கிறது. அந்த இடத்தில் மறுபடி தக்காளியோ கத்தரியோ வைக்காமல் செண்டுமல்லி நடுங்கள். அதன் வேர் நூற்புழுவைக் கட்டுப்படுத்தும், பூவும் கிடைக்கும்.

இனி மண். இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். நம் பகுதிச் செம்மண் காய்ந்தால் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். அதன் மேல் புரட்டாசியின் இடி மழை அடித்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல், மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் உண்டு. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் மழை அதிகம். அதற்குள் மண் மிருதுவாகிவிட வேண்டும்.

முந்தைய நாள் நீர் பாய்ச்சி, மண் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் முக்கால் அடி ஆழம் கொத்துங்கள். சென்ட்டுக்கு ஏறத்தாழ 100 கிலோ நன்கு மக்கிய தொழுவுரமும் ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கும் கலந்துவிடுங்கள். மக்காத சாணத்தைப் போடவே போடாதீர்கள். அது கரையானையும் வெள்ளைப் புழுவையும் அழைத்து வரும். வேர் நோய்களைத் தடுக்கும் நன்மை தரும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கலப்பதாக இருந்தால், காய்ந்த சூடான மண்ணில் தூவினால் பயனில்லை. தொழுவுரத்தில் கலந்து, ஈரச் சாக்கால் மூடி, நிழலில் இரண்டு வாரம் வைத்திருந்து பிறகு போடுங்கள். பாத்தியை அரை அடி உயர்த்தி, ஓரத்தில் வடிகால் வெட்டுங்கள். இவ்வளவும் முடிந்தபின் மண்ணைத் திறந்து போடாமல், கேழ்வரகுத் தாளோ கடலைத் தோலோ கொண்டு மூன்று விரல் கனத்துக்கு மூடாக்கு போட்டு, அவ்வப்போது நனைத்து வாருங்கள். எனக்கு ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் என்றால், மற்றதை எல்லாம் விட்டு இந்த மூடாக்கைத்தான் செய்வேன்.

தக்காளி, மிளகாய் விதைகளைக் குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பி இப்போதே விதையுங்கள். 50 சதவீத நிழல்வலை போதும். காலையில் மட்டும் பூவாளியால் நீர் விடுங்கள். எந்நேரமும் ஈரமாக இருந்தால் நாற்றழுகல் வரும். தக்காளி நாற்று 25 நாளில் தயாராகும், மிளகாய்க்கு 40 நாள் வரை ஆகும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நிழலையும் நீரையும் சிறிது சிறிதாகக் குறைத்துப் பழக்குங்கள். மழை பெய்து மண் குளிர்ந்தபின், மாலையில் நடலாம்.

பந்தல் அவரைக்கு மட்டும் விதிவிலக்கு. அதற்கு உரிய பட்டம் ஆடிதான் என்றாலும் இன்னும் நேரம் தப்பவில்லை. நாட்டு ரகங்கள் பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும், அதற்குள் கொடி ஏற வேண்டும். குழிக்கு மூன்று விதை இந்த வாரமே ஊன்றி, பந்தலையும் இப்போதே கட்டிவிடுங்கள். பிறகு ஈர மண்ணில் பந்தல் கால் நடும்போது வேர் அறுபடும்.

கொத்தமல்லியை ஐப்பசிக்குத் தள்ளிப்போடுங்கள். வெயிலில் விதைத்தால் தழை பிடிக்குமுன் பூவுக்குப் போய்விடும். முள்ளங்கி, பீன்ஸையும் அப்படியே தள்ளிப்போடுங்கள். ஓசூர், தளி பக்கம் முன்பே பீன்ஸ் போடுகிறார்களே என்று நினைக்கலாம். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பாலக்கோடு அதைவிட வெகுவாகத் தாழ்வு. அவர்களுடைய நாள்கணக்கை நீங்கள் பின்பற்ற வேண்டாம்.