குளோரின் நெடி அடித்தால் குளோரின் அதிகமா?

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில் குளோரின் நெடி தாங்க முடியவில்லை. பிள்ளைகள் கண் சிவந்து வருகிறார்கள். குளோரினைக் குறைக்கச் சொன்னால் பராமரிப்பாளர் மறுக்கிறார். (வாசகி, வேளச்சேரி)

நியாயம் அவர் பக்கம்தான். குளோரின் சரியாக இருக்கும் குளத்தில் அவ்வளவு நெடி வராது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்தால் குளோரமைன் ஆகிறது. மூக்கில் ஏறுவதும் கண்ணை எரிப்பதும் அதுதான். குளிக்காமல் குளத்தில் குதிப்பவர்களால் வரும் வினை இது.

முதலில் டெஸ்ட் கிட்டைப் பாருங்கள். சொட்டு விட்டதும் மஞ்சளாகும் கிட், குளோரமைனையும் சேர்த்து மொத்தக் கணக்கைத்தான் காட்டும். இளஞ்சிவப்பாகும் டிபிடி கிட் வாங்கினால் ஃப்ரீ குளோரின் (எதோடும் சேராமல், கிருமியைக் கொல்லத் தயாராக இருப்பது) தனியாக, மொத்தம் தனியாகத் தெரியும். ஃப்ரீ குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.6 இருக்கட்டும். பிஎச் 8ஐத் தொட்டால் குளோரினின் வீரியம் கால்வாசிதான். போர்வெல் தண்ணீர் நிரப்பும் குளங்களில் இது அடிக்கடி நடக்கும்.

மொத்தத்துக்கும் ஃப்ரீக்கும் வித்தியாசம் 0.4ஐத் தாண்டினால், அந்த வித்தியாசத்தைப் போல் பத்து மடங்கு குளோரினை வெயில் இறங்கியபின், பம்ப் ஓடும்போது போட வேண்டும். 1 லட்சம் லிட்டரில் 1 பிபிஎம் ஏற்ற, 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் சுமார் 155 கிராம் பிடிக்கும். வித்தியாசம் 0.6 என்றால் 6 பிபிஎம், அதாவது 930 கிராம். வாளியில் முதலில் தண்ணீர், பிறகுதான் பவுடர். மாற்றிச் செய்யக் கூடாது. அளவு 3க்கு இறங்கும்வரை குளம் மூடியே இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. குளோரின் மிக அதிகமானால் டிபிடி ஒரு கணம் சிவந்து, உடனே வெளுத்துவிடும். 'ஒன்றுமே இல்லை' என்று இன்னும் கொட்டிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு குளத்து நீரோடு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நாலு பங்கு கலந்து சோதித்து, வருவதை ஐந்தால் பெருக்குங்கள்.

கேள்வி: தினமும் குளோரின் மாத்திரை போடுகிறோம். ஃப்ரீ குளோரின் 2 காட்டுகிறது. ஆனாலும் சுவரெல்லாம் பாசி. (வாசகர், கோவை)

நீங்கள் போடுவது டிசிசிஏ (TCCA, ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம்) மாத்திரையாக இருக்கும். அதிலுள்ள சயனூரிக் அமிலம் வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும். திறந்தவெளிக் குளத்துக்கு 30 முதல் 50 பிபிஎம் போதும். மாத்திரை தரும் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுக்கும் 6 பிபிஎம் அமிலம் பின்தங்கும். குளோரின் செலவாகிவிடும், அமிலம் அப்படியே கிடக்கும். அது 100ஐத் தாண்டினால் குளோரினைக் கட்டிப்போட்ட மாதிரிதான்; கிட்டில் 2 என்று காட்டும், பாசியை ஒன்றும் செய்யாது.

இதற்கு மருந்து கிடையாது. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். மழைக்காலத்தில் முழுக்கக் காலி செய்துவிடாதீர்கள், நிலத்தடி நீரின் அழுத்தம் தொட்டியையே மேலே தூக்கிவிடும். பிறகு பாசியைத் தேய்த்தெடுத்து, ஹைப்போகுளோரைட்டுக்கு மாறுங்கள். ஆனால் மாத்திரை வைத்த ஃபீடரிலோ, அதை அள்ளிய கரண்டியிலோ ஹைப்போகுளோரைட் படவே கூடாது. இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

கேள்வி: கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா பற்றிப் படித்ததிலிருந்து பிள்ளையைக் குளத்துக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது. (வாசகி, நாகர்கோவில்)

2024இல் அங்கே சிறுவர்கள் இறந்தது உண்மை. நெக்லேரியா ஃபௌலேரி வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகும், குடித்தால் வராது. குளோரின் அளவு குறையாமல் பார்த்துக்கொள்ளும் குளத்தில் அது பிழைக்காது. குளோரினுக்கு மசியாத கிருமி வேறு: கிரிப்டோஸ்போரிடியம். சரியான அளவு குளோரினிலும் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடித்து வயிற்றுப்போக்கைப் பரப்பும். அது கண்ட பிள்ளையை, வயிற்றுப்போக்கு நின்று 2 வாரம் ஆகும்வரை தண்ணீரில் இறக்காதீர்கள்.

கேள்வி: மொட்டைமாடியில் காற்றடிக்கும் குட்டிக் குளம் வைத்திருக்கிறோம். தண்ணீரை எத்தனை நாளுக்கு வைக்கலாம்? (வாசகர், மதுரை)

ஒரே நாள். அதில் ஃபில்டர் கிடையாது. அரை அடிக்கு மேல் நிரப்பவும் வேண்டாம்: ஓர் அடித் தண்ணீரே சதுர மீட்டருக்கு 300 கிலோ, ஆள் நடமாடும் மாடிக்கு வழக்கமாகக் கணக்கிடும் பாரம் 150 கிலோதான். அரை அடியிலும் குழந்தை மூழ்கும், கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். சாயங்காலம் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, குளத்தைத் துடைத்துக் காயவையுங்கள்.