பிளஸ் பிளஸ் போட்ட அறை: திருகோணமலை வார இறுதிக்கான கேள்வி-பதில்

கேள்வி (வெள்ளவத்தை வாசகி): ஆவணி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு திருகோணமலைக்கு வர எண்ணியிருக்கிறோம். நான், இரு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா, கனடாவிலிருந்து வந்திருக்கும் சின்னம்மா என ஐந்து பேர். வெள்ளி இரவு பேருந்தில் ஏறி ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். கோணேசர் கோவில், கன்னியா, புறாத்தீவு மூன்றையும் பார்க்க ஆசை. நிலாவெளியில் ஒரு விடுதி குடும்ப அறைக்கு ‘15,000 பிளஸ் பிளஸ்’ என்கிறது. நகரத்தில் ஒன்று எல்லாம் அடங்கலாக 18,000 ரூபா என்கிறது. மலிவாக இருக்கும் நிலாவெளி அறையை எடுக்கலாமா?

பதில்: அந்த அறை மலிவானதல்ல. முதலாவது பிளஸ் சேவைக் கட்டணம், வழக்கமாக 10 வீதம், இரண்டாவது வரி. 15,000 ரூபாவுடன் 1,500 ரூபா சேர்ந்தால் 16,500. அதன்மேல் 18 வீத வற் வரி 2,970 ரூபா. ஆக, நீங்கள் கொடுக்கப்போவது 19,470 ரூபா. வற் வரிக்குப் பதிவு செய்யாத விடுதி அந்த வரியை அறவிடவே முடியாது என்பதால், பதிவிலக்கம் பற்றுச்சீட்டில் இருக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்டதும் ஒரு பிளஸ் காணாமற்போன விடுதிகளும் உண்டு.

அடுத்தது தூரம். நிலாவெளி நகரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது. உங்கள் பட்டியலில் புறாத்தீவு மட்டுமே அந்தப் பக்கம். கோவிலுக்கும் கடைத்தெருவுக்கும் பேருந்து நிலையத்துக்கும் ஐந்து பேராகப் போய்வர ஓர் ஆட்டோ போதாது. கடலில் இறங்கி நாளைக் கழிப்பதுதான் நோக்கம் என்றால் நிலாவெளியைச் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்டிருப்பதோ கோவிலும் வரலாறும். ஆகவே நகரத்து அறையை எடுங்கள்.

எடுக்குமுன் ஒன்றைப் பேசி முடியுங்கள். கொழும்பிலிருந்து இரவு பத்து மணியளவில் புறப்படும் பேருந்து விடியப்புறம் இங்கே இறக்கிவிடும். பல விடுதிகளில் அறை கையளிக்கும் நேரம் பிற்பகல் இரண்டு மணி. இடையிலுள்ள எட்டு, ஒன்பது மணி நேரத்தை முழங்கால் வலியுள்ள ஒருவர் வரவேற்பறை நாற்காலியில் கழிக்க முடியாது. காலையிலேயே அறை கிடைக்குமா, அதற்கு எவ்வளவு, கிடைக்காவிட்டால் குளித்து உடைமாற்ற ஓர் இடமாவது தருவார்களா, ஞாயிறு அறையை விட்டபின் இரவுவரை பைகளை வைத்திருப்பார்களா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமையைக் கோணேசருக்கு ஒதுக்குங்கள். நண்பகலில் நடை சாத்துவார்கள் என்பதால் காலையிலேயே போவது நல்லது. அம்மாவை ஆட்டோவில் கோவிலடிவரை அனுப்பிவிட்டு, மற்றவர்கள் கோவில் வழியிலுள்ள பிரட்ரிக் கோட்டை வாசலில் இறங்கி நடந்து வாருங்கள். வாகனத்தில் நுழைபவர்கள் தவறவிடும் ஒன்று அங்கே இருக்கிறது: வாசற் கல்லில் செதுக்கிய இரட்டை மீன் சின்னமும், குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி (போர்த்துக்கேயன்) சிதைப்பான் என்று சொல்லும் தமிழ் எழுத்துகளும். திருஞானசம்பந்தர் பாடிய பழைய கோவிலைப் போர்த்துக்கேயர் 1622 இல் இடித்து, அதன் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். இப்போதைய கோவில் 1963 இல் குடமுழுக்குக் கண்டது. இவற்றைப் பார்க்கக் கட்டணம் எதுவுமில்லை. ஆனால் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களுக்கு அர்ச்சனைப் பை நன்றாகத் தெரியும். வாழைப்பழம் வெளியே தெரியும்படி பிடித்தால், பின்னால் வந்து பையின் காதைப் பற்றி இழுக்கும். பிள்ளைகளுக்குச் சிரிப்பாக இருக்கும், தட்டுக்கு இன்னொரு முறை பணம் கொடுப்பவருக்கு இராது.

ஞாயிறு விடிய புறாத்தீவு. ஆவணியில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்றுக் காலத்தில் இதே திட்டத்தை நான் ஒப்பமாட்டேன். தீவு 2003 முதல் தேசியப் பூங்கா என்பதால், வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டு வேறு, படகுக் கூலி வேறு. படகுக் கூலி ஆளுக்கா, படகுக்கா, காத்திருப்பு அடங்குமா, உயிர்காப்பு அங்கி தருவார்களா என்பதைக் கரையிலேயே பேசுங்கள். சின்னம்மா வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வந்திருந்தால் அவருக்குரிய சீட்டு உங்களுடையதைவிடப் பன்மடங்கு. அவர் எங்களைவிட நல்ல தமிழ் பேசினாலும் சீட்டுக் கொடுப்பவருக்கு அது கணக்கில்லை. செல்லுபடியாகும் இலங்கை அடையாள அட்டை இருந்தால் கொண்டுவரட்டும். கரையெங்கும் உடைந்த பவளம் கிடப்பதால் எல்லோருக்கும் காலணி வேண்டும். அம்மாவுக்கு இந்தப் பயணம் வேண்டாம்.

திரும்பும் வழியில் கன்னியா. இராவணன் தாய்க்கு ஈமக்கடன் செய்யத் தோன்றியவை என்று சொல்லப்படும் ஏழு சிறு வெந்நீர்க் கிணறுகள். இறங்கிக் குளிப்பதல்ல, வாளியால் அள்ளி ஊற்றுவது. ஒரு கிணற்றின் சூடு மற்றதில் இராது. வாகனம் பேசும்போது ‘வெந்நீரூற்று’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். கிண்ணியா வேறு ஊர், கொட்டியாரக்குடாப் பக்கம், நேர் எதிர்த்திசையில். கைபேசியில் ஓர் எழுத்தைப் பிழையாகத் தட்டி அங்கே போய், வந்ததற்குப் பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். நேரமிருந்தால் வில்கம் விகாரைக்கும் போகலாம். இராசராசப் பெரும்பள்ளி என்று சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் குறிப்பிடும் பௌத்தப் பள்ளி அது.

கேள்வி (வவுனியா வாசகர்): நீண்ட விடுமுறை வாரத்துக்கு உப்புவெளியில் ஓர் அறையை முகநூலில் பார்த்தோம். முழுப் பணத்தையும் ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

பதில்: முழுப் பணத்தை அனுப்பாதீர்கள். இன்னொரு விடுதியின் படங்களைத் திருடிப் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு மறைவது இப்போது வழக்கமாகிவிட்ட மோசடி. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த விடுதியா என்று அதன் இணையப் பட்டியலில் பாருங்கள். 1912 என்ற இலக்கத்திலும் கேட்கலாம். பதியாத சிறு வீடுகளிலும் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களைத் திருகோணமலையில் உள்ள உறவினர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்தபின் நம்புங்கள். முற்பணமாக ஒரு பகுதியை மட்டும் கொடுத்து, திகதி, அறைவகை, மொத்தத் தொகை, ரத்துச் செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு திரும்பும் என்ற நான்கையும் ஒரே செய்தியில் எழுதி, ‘சம்மதம்’ என்ற பதிலை வாங்குங்கள்.

எனக்கே ஒருமுறை அது கைகொடுத்தது. உறவினர் திருமணத்துக்காகப் பதிந்த இரண்டு அறைகளில் ஒன்றை, விடுமுறைக் கூட்டத்தைக் கண்டதும் விடுதிக்காரர் கூடிய விலைக்கு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். தொலைபேசியில் பேசிய வரைக்கும் ‘அப்படிச் சொல்லவில்லை’ என்றுதான் கதை. அவர் அனுப்பிய செய்தியையே திரையில் காட்டியபின் முற்பணம் அன்று மாலையே திரும்பியது. அறை திரும்பவில்லை; மூன்று பேர் மாமா வீட்டு விறாந்தையில் படுத்தார்கள்.

இப்படி நேர்ந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 இல் அழைக்கலாம். முறைப்பாட்டை, சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது விற்பவரின் கடமை. ஆள் மறைந்துவிட்ட மோசடி என்றால் முதலில் வங்கிக்கும் அடுத்துப் பொலிசுக்கும் அன்றே அறிவியுங்கள்.

கேள்வி (மட்டக்களப்பு வாசகி): திருகோணமலையிலிருந்து கருவாடு வாங்கி வரச் சொல்கிறார்கள். எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: விரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்து நின்றால் ஈரம் இருக்கிறது, அந்த ஈரத்துக்கும் நிறையில் பணம் கொடுக்கிறீர்கள். உப்புப் பொரிந்து நின்றால் உதறிவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். செவுளடியை மணந்து பாருங்கள். திரும்பும் பேருந்துக்கு முன் கடைசியாக வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் பொலித்தீன் போடுங்கள். பக்கத்து இருக்கைக்காரரும் அதே பேருந்தில்தான் வருகிறார்.