கடலூரில் இருந்துகொண்டே கோல்ஃப் பழகலாம்

கேள்வி: பெங்களூரில் வேலை பார்த்தபோது கோல்ஃப் கற்றுக்கொண்டேன். வயது 46. இப்போது மாற்றலாகிக் கடலூருக்கு வந்துவிட்டேன். மாதம் ஒருமுறை சென்னைக்குப் போய் நண்பர்களோடு ஆடுகிறேன். முன்பு 18 குழிகளையும் மட்டையால் 95 முறை அடித்து முடிப்பவன், இப்போது 105-ஐத் தாண்டுகிறேன். வந்த புதிதில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் விடியற்காலையில் தினமும் இரண்டு மணி நேரம் மட்டையைச் சுழற்றிப் பார்த்தேன். இரண்டே வாரத்தில் தோள் வலி வந்து எல்லாம் நின்றுபோயிற்று. கோல்ஃப் மைதானம் பக்கத்தில் இல்லாமல் ஒழுங்காகப் பயிற்சி செய்ய வழி உண்டா?
— ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நிச்சயமாக உண்டு. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது ஒன்றுதான். இரண்டு மணி நேரமும் முழுச் சுழற்சிக்கே போயிருக்கிறது. புட்டிங் பற்றி, அதாவது கடைசியில் பந்தைத் தரையோடு உருட்டிக் குழிக்குள் விழவைப்பது பற்றி, ஒரு வரிகூட இல்லை. ஒரு மைதானத்துக்கு பார் (தேர்ந்த ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய மொத்த அடிகள்) 72 என்று கணக்கிடும்போது, குழிக்கு இரண்டு புட் வீதம் 18 குழிகளுக்கு 36 அடிகளை அதற்கென்றே ஒதுக்குகிறார்கள். சரிபாதி! பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பாதிக் கணக்கைச் சுமப்பது ஒரே மட்டை. அதைப் பழக உங்கள் வீட்டுக் கூடம் போதும். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீராங்கனை அதிதி அசோக் ஒரே ஓர் அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். அவரைவிட நீளமாக அடிக்கக்கூடியவர்கள் அந்தக் களத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அவரை அவ்வளவு தூரம் கொண்டுவந்தது புட்டிங்தான்.

ஆகவே வார நாட்களில் காலையில் குளிக்கப் போகுமுன் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது. குளியலுக்கு முன் என்று வைத்துவிட்டால் தானாக நடந்துவிடும்.

கோடு போட்ட ஜமுக்காளம் ஒன்றைச் சுருக்கமில்லாமல் விரியுங்கள். கோரைப்பாய் வேண்டாம், அதன் வரிகள் பந்தைத் தாமே இழுத்துக்கொண்டு போகும். ஜமுக்காளத்தில் ஒரு கோட்டின் மேல் பந்தை வைத்து, அந்தக் கோட்டின் வழியாகவே உருட்டிப் பாருங்கள். மட்டையின் முகம் சற்றே திரும்பியிருந்தாலும், பந்து கோட்டை விட்டு விலகுவது உங்கள் கண்ணுக்கு நேராகத் தெரிந்துவிடும். எதிர்முனையில் ஒரு காபி டம்ளரைப் படுக்க வையுங்கள். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். டம்ளரின் வாய் அதைவிடக் குறுகல். அதில் பழகிய கண்ணுக்குச் சென்னையில் குழி அகலமாகத் தெரியும்.

ஒரே இடத்திலிருந்து ஐம்பது பந்துகளை உருட்டாதீர்கள். ஒவ்வொரு பந்துக்கும் தூரத்தை மாற்றுங்கள். ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், கையசைவுப் பணிகளை மாற்றி மாற்றிப் பழகியவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினார்கள். ஆனால் பிறகு சோதித்தபோது, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பயிற்சியில் தவறுகள் கூடுகிறதே என்று மனம் தளராதீர்கள். மைதானத்தில் ஒரே அடியை இரண்டு முறை அடிக்க யார் விடுகிறார்கள்?

வாரத்தில் இரண்டு நாள் மொட்டை மாடிக்குப் போங்கள். உள்ளீடற்ற பிளாஸ்டிக் பந்துகள், ஒரு வெட்ஜ் (பந்தை உயர எழுப்பும் மட்டை), ஒரு தேங்காய்நார் மிதியடி, இவ்வளவுதான் தேவை. சிமெண்டுத் தரையில் நேராக அடித்தால் மணிக்கட்டு போய்விடும். பந்தை மிதியடிமேல் வையுங்கள். சற்றுத் தள்ளி ஒரு ஈரத் துண்டை விரித்து, பந்து முதலில் அதன்மேல் விழ வேண்டும் என்று குறிவையுங்கள். இதையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் பிளாஸ்டிக் பந்து பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

முழுச் சுழற்சிக்குச் சனிக்கிழமை விடியலில் தேவனாம்பட்டினம் கடற்கரை இருக்கிறது. பந்தே வேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லாத பகுதியில், அலை நனைத்து இறுகிய மணலில் ஒரு கோடு கிழியுங்கள். கோடுதான் பந்து. அயர்ன் மட்டையைச் சுழற்றிவிட்டு மணலைப் பாருங்கள். பள்ளம் கோட்டிலோ, கோட்டைத் தாண்டியோ தொடங்கியிருந்தால் சரி. கோட்டுக்கு முன்பே தொடங்கியிருந்தால் மைதானத்தில் நீங்கள் பந்துக்குப் பதிலாக மண்ணை அடிக்கிறீர்கள். உங்கள் அடிகள் எங்கே கூடின என்பது இந்த மணலிலேயே தெரியக்கூடும். வீட்டுக்கு வந்ததும் மட்டையை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள், உப்பு துருவை ஏற்றும்.

பொது மைதானத்தில் உண்மைப் பந்தை ஒருபோதும் அடிக்காதீர்கள், யாரும் இல்லை என்று தோன்றினாலும்கூட. டிரைவர் என்னும் நீள அடி மட்டையிலிருந்து கிளம்பும் பந்து மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடியது. ஓடிவரும் ஒரு குழந்தையின் தலையில் பட்டால் என்ன ஆகும்? கிரிக்கெட் வலைக்குள் அடிக்கலாமே என்று நினைத்தால், கிரிக்கெட் பந்தை நிறுத்தும் வலைக் கண்ணில் 43 மில்லிமீட்டர் கோல்ஃப் பந்து நுழைந்து வெளியே போய்விடக்கூடும்.

தோள் வலி இன்னும் இருந்தால் கடற்கரைப் பயிற்சியைத் தள்ளிவைத்து முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடியும் கடற்கரையும் நின்றுபோனால் போகட்டும். ஜமுக்காளத்தை மட்டும் சுருட்டி வைத்துவிடாதீர்கள்.

சென்னைக்குப் போகும் நாளில் ஒவ்வொரு குழிக்கும் எத்தனை புட் ஆயிற்று என்று அட்டையின் ஓரத்தில் குறித்துவாருங்கள். மூன்று புட் ஆன குழிகள் அதிகமென்றால், அடுத்த மாதம் தூரத்தைக் கணிக்கும் பயிற்சியைக் கூட்டுங்கள். கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரைக்கு) பக்கத்தில் அடிகள் வீணாகியிருந்தால் மாடிக்கு இன்னொரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை ஆடிய பிறகு அந்த எண்களை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.