கடைக்கு எத்தனை லைன் வேண்டும்? டிஜிட்டல் தொலைபேசி பற்றிக் கேள்வி பதில்

கும்பகோணத்தைச் சுற்றி 26 வருடமாகக் கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் இன்டர்காம் மெஷின் மாட்டி, லைன் இழுத்து, பழுது பார்த்து வருகிறேன். செம்புக் கம்பியில் தொடங்கி இப்போது ஃபைபரில் வந்து நிற்கிறது தொழில். டெல்டாவில் வியாபாரம் செய்கிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கும்பகோணம், பாத்திரக்கடை: அண்ணே, எங்களிடம் மூன்று லேண்ட்லைன் இருக்கிறது. முகூர்த்த மாதம் வந்தால் லைனே கிடைப்பதில்லை என்று சீர்வரிசைக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். 30 சானல் பிஆர்ஐ (ஒரே நேரத்தில் 30 பேர் பேசும் டிஜிட்டல் லைன்) எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா?

தேவையில்லை தம்பி. ஆனால் மூன்றும் போதாது. இதை ஊகமாகச் சொல்லவில்லை, இதற்குக் கணக்கு இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்பவர் 1917இல் போட்டுக் கொடுத்த சூத்திரம். உலகம் முழுக்க இன்றைக்கும் அதை வைத்துத்தான் லைன் எண்ணுகிறார்கள்.

உங்கள் கடையில் கூட்டமான ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், காலை 11 முதல் 12 வரை என்று வைப்போம். 60 அழைப்பு வருகிறது, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். மொத்தம் 180 நிமிடப் பேச்சு. அறுபதால் வகுத்தால் மூன்று. "அப்போ மூணு லைன் போதுமே" என்று தோன்றும். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வாடிக்கையாளர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிடுவதில்லையே. ஐந்து பேர் ஒரே நிமிடத்தில் கூப்பிடுவார்கள், அடுத்த நான்கு நிமிடம் போனே அடிக்காது. எர்லாங் கணக்குப்படி மூன்று லைன் இருந்தால் நூற்றுக்கு 35 பேருக்கு எங்கேஜ் டோன்தான். நான்கு லைன் என்றால் 21 பேருக்கு. ஐந்து என்றால் 11, ஆறு என்றால் 5. எட்டு லைன் போட்டால் நூறில் ஒருவருக்குக்கூட எங்கேஜ் வராது. இதுவும் ஒரு தடவை முயன்றுவிட்டு விட்டுவிடுபவர்களை வைத்துப் போட்ட கணக்கு. நம் ஆட்கள் திரும்பத் திரும்ப ரீடயல் அடிப்பார்கள், அதனால் நிஜ நிலைமை இன்னும் மோசமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று கவனியுங்கள். எங்கேஜ் வாங்கிப் போனவர்கள் உங்கள் மெஷினின் பதிவில் இருக்கவே மாட்டார்கள். அழைப்பு உங்கள் கடைக்கு வந்து சேர்ந்தால்தானே பதிவாகும்? லைன் கொடுத்த நிறுவனத்திடம்தான் அந்தக் கணக்கு இருக்கும். கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு எட்டு அல்லது பத்து சானல் உள்ள சிப் டிரங்க், அதாவது நெட் வழியாக வரும் போன் லைன், சரியாக இருக்கும். எண் ஒன்றுதான், ஒரே நேரத்தில் எட்டுப் பேர் பேசலாம். வைகாசி, ஆவணியில் இரண்டு சானல் கூட்டிவிட்டு ஆடியில் குறைத்துக்கொள்ள முடியுமா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

தஞ்சாவூர், தனியார் மருத்துவமனை நிர்வாகி: பிஆர்ஐ என்கிறார்கள், சிப் என்கிறார்கள். இரண்டுமே டிஜிட்டல் என்றால் என்ன வித்தியாசம்?

நம் ஊர்த் தண்ணீரை வைத்தே சொல்கிறேன் அம்மா. முறை வைத்துத் தண்ணீர் விடுவது தெரியும் அல்லவா? உங்கள் முறை வரும்போது மதகு உங்களுக்குத்தான் திறக்கும். நீங்கள் பாய்ச்சினாலும் பாய்ச்சாவிட்டாலும் அந்த நேரம் உங்களுடையது. பிஆர்ஐ அப்படிப்பட்டது. நாம் பேசும் குரலை நொடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக எழுதினால் நொடிக்கு 64,000 பிட். அப்படி 32 முறைகளை ஒரே இணைப்பில் அடுக்கினால் நொடிக்கு 20 லட்சத்து 48 ஆயிரம் பிட். அதில் ஒரு முறை இரண்டு பக்கத்துக் கடிகாரமும் ஒத்துப் போவதற்கு. இன்னொன்று யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், எப்போது வைத்தார்கள் என்ற செய்திக்கு. மீதி 30 முறையில் 30 பேர் பேசலாம். பக்கத்தில் யார் என்ன அனுப்பினாலும் உங்கள் பேச்சின் முறையில் ஒருவரும் கை வைக்க முடியாது. பிஆர்ஐயின் பலமே அதுதான்.

சிப் என்பது பொது வாய்க்கால். குரலைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, மற்ற டேட்டாவோடு சேர்த்து ஒரே வாய்க்காலில் விடுகிறோம். பேசாத நேரத்தில் இடம் வீணாவதில்லை, எத்தனை சானல் வேண்டுமோ அத்தனைக்குப் பணம் கட்டினால் போதும். ஆனால் தலைமடைக்காரர் மொத்தத் தண்ணீரையும் இழுத்தால் கடைமடை காயும் என்பதை டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குரலுக்குத் தனி மதகு வைக்க வேண்டும். ரவுட்டரில் குரல் பொட்டலத்துக்கு முன்னுரிமை போடுவதைத்தான் அப்படிச் சொல்கிறேன்.

உங்கள் பிஆர்ஐ பிரச்சினையில்லாமல் ஓடுகிறது என்றால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். மருத்துவமனையில் கேஷுவாலிட்டி போன் ஒரு நிமிடம்கூடச் சாகக்கூடாது. புதுக் கட்டடத்துக்கு மட்டும் சிப் எடுத்து, அதற்கென்று தனி ஃபைபர் போட்டு, ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். எதை எடுத்தாலும் வார்டு, லேப், மருந்தகம் ஒவ்வொன்றுக்கும் நேரடி எண் வாங்கிவிடுங்கள். ராத்திரி ரிசப்ஷனில் ஆள் இல்லாவிட்டாலும் ஐசியூவுக்கு நேரே மணி அடிக்கும்.

மன்னார்குடி, ரைஸ் மில்: 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது. ஆனாலும் சிப் போனில் குரல் விட்டு விட்டு வருகிறது, அதுவும் பகலில்தான். ஸ்பீடை 200 ஆக்கினால் சரியாகுமா?

ஆகாது. காசுதான் போகும். ஒரு பேச்சுக்கு, பொட்டலத்தின் மேல்கூடு எல்லாம் சேர்த்தே, 87 கேபிபிஎஸ்தான் ஒவ்வொரு திசையிலும் ஓடும். பத்துப் பேர் ஒன்றாகப் பேசினாலும் ஒரு எம்பிபிஎஸ் ஆகாது. குரலுக்கு வேகத்தைவிடச் சீராக வந்து சேர்வதுதான் முக்கியம். ஒரு திசையில் 150 மில்லி செகண்டுக்குள் வந்துவிட்டால் பேச்சு இயல்பாக இருக்கும். பொட்டலங்கள் ஒன்று சீக்கிரம், ஒன்று தாமதம் என்று வந்தால்தான் நீங்கள் சொல்கிற மாதிரி குரல் அறுந்து அறுந்து கேட்கும்.

எனக்குச் சந்தேகம் உங்கள் கேமராக்கள் மேல். நெல் குடோனிலும் எடைமேடையிலும் கேமரா வைத்து, அதை நீங்கள் மொபைலில் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருந்தால் மேலே போகும் பாதை (அப்லோடு) அடைத்துக்கொள்ளும். நாளைக்குப் பகலில் கேமரா ரெக்கார்டரின் நெட் கேபிளைப் பத்து நிமிடம் பிடுங்கிவிட்டுப் பேசிப் பாருங்கள். குரல் தெளிந்தால் ரெக்கார்டரின் அப்லோடுக்கு ஒரு வரம்பு கட்டுங்கள், குரலுக்கு முன்னுரிமை போடுங்கள். தெளியவில்லை என்றால் போன்கள் வைஃபையில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். மில்லுக்குள் தகரக் கூரையும் இரும்புச் சாமானும் நடுவில் இருக்கும்போது வைஃபையை நம்பிக் குரலை விடக்கூடாது. ஒவ்வொரு போனுக்கும் கேபிள் இழுப்பது ஒரு நாள் வேலைதான், அத்தோடு தலைவலி தீரும்.

பாபநாசம், மளிகை மொத்த வியாபாரம்: நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை.

ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்று ஒரு அமைப்பு இருக்கும். முதலில் அதை அணைத்துப் பாருங்கள். உதவி செய்வதற்காக வைத்த அமைப்பு, பல ரவுட்டர்களில் முகவரியைத் தப்பாக மாற்றி எழுதிக் குரலை வழி தவற விட்டுவிடுகிறது.

வேதாரண்யம், லாட்ஜ்: கஜா புயலுக்குப் பிறகு ஃபைபருக்கு மாறினோம். கரண்ட் போனால் போனும் போகிறது. பழைய லேண்ட்லைன் அப்படி இல்லையே, ஏன்?

பழைய செம்பு லைனுக்கு 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்தே வந்தது. ஊரே இருட்டாக இருந்தாலும் அந்த ஒரு கம்பி உயிரோடு இருக்கும். ஃபைபரில் வெளிச்சம்தான் வருகிறது, மின்சாரம் வராது. உங்கள் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்கு நீங்கள்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். டெல்டாவில் டிஜிட்டல் லைன் எடுக்கிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்பதே பேட்டரியைப் பற்றித்தான், பிளான் விலையைப் பற்றி அல்ல.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையேறிய பிறகு உங்கள் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அவ்வளவு நாளுக்கு யாராலும் பேட்டரி வைக்க முடியாது. ஆனால் முதல் ஒரு நாள் தாங்கினால் அதுவே பெரிது. சொந்தக்காரர்கள் கூப்பிடுவது அந்த முதல் நாளில்தான். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், இன்டர்காம் மெஷின் மூன்றும் சேர்ந்து 40 வாட்டுக்குள் அடங்கும். 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரியில் இந்த மூன்றை மட்டும் தனி வயரில் ஓட்டினால், பாதி சார்ஜை மிச்சம் வைத்தாலும், ஏறக்குறைய ஒரு நாள் வரும். ஃபேனையும் டிவியையும் அதே பேட்டரியில் மாட்டாதீர்கள். ஒரு மொபைலை மெஷினோடு இணைத்து, லைன் செத்தால் அழைப்பு தானாக அதற்குப் போகும்படி நிறுவனத்திடம் சொல்லி வையுங்கள்.

ஃபைபரில் ஒரு நல்லதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை இடியில் செம்பு லைன் வழியாக மின்னல் இறங்கி மெஷினில் வெளி லைன் சேரும் டிரங்க் கார்டு எத்தனையோ கருகியிருக்கிறது. கண்ணாடி இழை வழியாக அது வராது. கட்டடத்துக்குக் கட்டடம் நீங்கள் இழுத்த எக்ஸ்டென்ஷன் செம்புக்கு மட்டும் இன்னும் அந்த ஆபத்து இருக்கிறது. அங்கே சர்ஜ் தடுப்பான் போட்டு, எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

திருவாரூர், உரக்கடை: மெஷினிலிருந்து மொபைலுக்குக் கூப்பிட்டால் போகவில்லை. லேண்ட்லைனுக்குப் போகிறது.

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு முன்னால் சுழியம் போட வேண்டும். உங்கள் மெஷினில் வெளி லைன் எடுக்கவும் சுழியம்தான் என்றால் இரண்டு தடவை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் 6, 7, 8, 9இல் தொடங்கும் பத்து இலக்க எண்ணுக்கு மெஷினே சுழியம் சேர்க்கும்படி அமைத்துவிடலாம், ஐந்து நிமிட வேலை.

மயிலாடுதுறை, நிதி நிறுவனம்: ராத்திரி ஆள் இல்லாத நேரத்தில் வெளிநாட்டு அழைப்பு போனதாக பில் வந்திருக்கிறது ஐயா. எப்படி?

இதே நிலைமையில் அழுதுகொண்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். மெஷினை நெட்டில் இணைத்துவிட்டு, கம்பெனி வைத்த பாஸ்வேர்டை அப்படியே விட்டிருப்பார்கள். உலகம் முழுக்க அப்படிப்பட்ட மெஷின்களைத் தேடிக்கொண்டே இருக்கும் கும்பல்கள் உண்டு. உள்ளே நுழைந்து, சனிக்கிழமை ராத்திரி தொடங்கி திங்கள் காலைக்குள் உங்கள் லைனில் கட்டணம் அதிகமான நாடுகளுக்கு ஓயாமல் கூப்பிடுவார்கள். இன்னொரு வழி டிசா. வெளியிலிருந்து கூப்பிட்டு, ஒரு ரகசிய எண்ணை அடித்து, உங்கள் லைனிலேயே மறுபடி வெளியே பேசும் வசதி அது.

இன்றைக்கே ஐஎஸ்டியை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மெஷினில் மட்டும் மூடினால் போதாது, லைன் கொடுத்தவர்களின் பக்கத்திலேயே மூட வேண்டும். டிசாவை அணையுங்கள். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் தனிப் பாஸ்வேர்டு, நீளமாக. 101 எக்ஸ்டென்ஷனுக்கு 101 என்றே பாஸ்வேர்டு வைத்த மெஷின்களை நான் இன்னும் பார்க்கிறேன். மெஷினின் செட்டிங்ஸ் பக்கம் வெளி நெட்டிலிருந்து திறக்கவே கூடாது. மெஷின் மாட்டியவர் தூரத்திலிருந்து பழுது பார்க்க வசதி கேட்டால் விபிஎன் என்ற பாதுகாப்பான தனிப் பாதை வழியாக மட்டும் கொடுங்கள்.

பட்டுக்கோட்டை, செல்போன் கடை: ஒருவர் வந்து, சிம் போட்ட பெட்டி ஒன்றை என் கடையில் வைத்து நெட்டும் கரண்டும் கொடுத்தால் மாத வாடகை தருகிறேன் என்கிறார். வைக்கலாமா?

வைக்காதே தம்பி. அது சிம் பாக்ஸ். வெளிநாட்டு அழைப்பை நெட் வழியாக வாங்கி, உள்ளூர் மொபைல் எண் போலக் காட்டி விடுகிற கள்ள எக்ஸ்சேஞ்ச். மோசடிக்காரர்கள் வயதானவர்களை மிரட்டிப் பணம் பறிக்க இந்த வழியையும் பயன்படுத்துகிறார்கள். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் இப்படிச் சேவை நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம். போலீஸ் வரும்போது பெட்டி இருப்பது உன் கடையில்.

நாகப்பட்டினம், டிராவல்ஸ்: 30 வருட நம்பர். நவக்கிரகக் கோயில் டூருக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் அந்த எண்தான் இருக்கிறது. வேறு நிறுவனத்தின் சிப் லைனுக்கு மாறினால் எண் கூட வருமா?

மொபைல் எண் போல லேண்ட்லைன் எண்ணை நிறுவனம் விட்டு நிறுவனம் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் முதலில் இப்போதுள்ள நிறுவனத்திடமே ஃபைபருக்கு மாற்றி அதே எண்ணைத் தர முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள். முடியாது என்றால் பழைய லைனை சரண்டர் செய்யாமல், குறைந்த வாடகைப் பிளானில் வைத்துக்கொண்டு, புது எண்ணுக்கு ஃபார்வர்டு போடுங்கள். உங்கள் தொழிலுக்கு ஒரு வருடம் போதாது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை கோயிலுக்கு வரும் குடும்பங்கள் இருக்கும், அதனால் மூன்று நான்கு வருடமாவது அந்த லைன் இருக்கட்டும். புது எண்ணை டிரைவரின் பெயரிலோ மேனேஜரின் பெயரிலோ வாங்காமல், கடையின் பெயரிலேயே வாங்குங்கள்.