நனைந்த விறகு

ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஆண்டு விழாவில் பிள்ளைகள் விலங்குப் பாடல்களை நடிக்கப்போகிறார்கள். சனிக்கிழமைகளிலும் ஒத்திகை நடக்கிறது. ‘பாங்காவ் ஓ பாங்காவ்’ (கொக்கே ஓ கொக்கே) என்ற மலாய்ப் பாட்டு நம் ‘கொழுகொழு கன்றே’யிலிருந்து வந்ததா? இன்னொரு மலாய்ப் பாட்டான ‘பூரோங் காக்கா துவா’வுக்குப் பின்னால் கதை உண்டா? பாங்காவ் பாட்டு, பிறர்மேல் பழிபோடும் சோம்பேறிகளைப் பற்றியது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சரிதானே?

அன்புள்ள ஆசிரியைக்கு,

சரியில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இங்கே ஒரு வாரமாக மழை. அந்தப் பாட்டும் ஒரு வாரமாக என்னை விடவில்லை.

எது எங்கிருந்து வந்தது என்பதை விடுங்கள். நம் பாட்டில் பெயரை மறந்த ஈ, கன்று, பசு, இடையன் என்று கேட்டுக்கொண்டே போய்க் குதிரையின் கனைப்பில் தன் பெயரைக் கண்டெடுக்கிறது. அதிலும் கொக்கு, மீன், புல் உண்டு. உறவு கொண்டாட அது போதும். காக்கா துவாவில் சன்னலில் ஒரு பறவை, இரண்டே பல் மிஞ்சிய பாட்டி. பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் பாங்காவ் பாட்டில் சோம்பேறி என்றீர்களே, யார் சோம்பேறி? கொக்கு மெலிந்தது, மீன் மேலே வராததால். புல் நீண்டு மறைக்கிறது. எருமை மேயவில்லை, அதற்கு வயிற்றுவலி. சோறு வேகவில்லை, விறகு ஈரம். மழையைக் கூப்பிட்டது தவளை, அதை விழுங்கப் பாம்பு வருகிறது. இதில் பொய் சொன்ன ஒருவரைக் காட்டுங்கள்.

நான் ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன். விடியலில் மழை பிடித்தால் பால்வெட்டு இல்லை. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் நிற்காது, மரமெல்லாம் வழிந்துவிடும். பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் மழைத்தண்ணீர்தான் சேரும். அப்படியொரு நாள் பாட்டி ரப்பர் கட்டையை அடுப்பில் திணித்து ஊதிக்கொண்டிருந்தார். கட்டையின் வெட்டுமுனையில் நுரை பொங்கி ‘உஸ்’ என்றதே தவிர, தீப் பிடிக்கவில்லை. அரைவேக்காட்டுச் சோற்றை ரசம் ஊற்றிப் பிசைந்து தந்தார். ராத்திரி முழுக்க எனக்கு வயிற்றுவலி. பாட்டி தூங்கவில்லை, மறுநாள் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கும் போகவில்லை.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வாசலுக்கே வந்துவிட்டார். “பேரனுக்கு வயிற்றுவலி, சோறு வேகவில்லை, விறகெல்லாம் ஈரம், ஐயா” என்றார் பாட்டி. “சோம்பேறிக்கு ஆயிரம் சாக்கு” என்று சிரித்துவிட்டுப் போனார் அவர். தூணைப் பிடித்திருந்த பாட்டியின் விரல்களில் அடுப்புக்கரி இன்னும் போகாமல் இருந்தது.

அந்த மண்டோரின் சொல்லையா, அம்மா, நம் பிள்ளைகள் வாயில் போடுகிறீர்கள்? சனிக்கிழமையிலும் பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு நிற்கிற உங்களிடம் இப்படிக் கோபப்பட எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் திங்கட்கிழமையே வகுப்பில் அதைத் திருத்திச் சொல்லிவிடுங்கள்.

விறகாக நடிக்கும் பிள்ளைக்கு அட்டையில் வேடம் வேண்டாம். உங்கள் ஊரில் ரப்பர் கட்டைக்குப் பஞ்சமா? ஒன்றை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, கையில் கொடுத்து நிற்கவையுங்கள்.