சேலத்தில் இருந்துகொண்டே, தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லி ஸ்டாண்ட்-அப் காமெடி செய்ய முடியுமா?

கேட்டவர் பேர் போடவில்லை. காலேஜ் முடித்துவிட்டாராம், நண்பர்களை நன்றாகச் சிரிக்க வைப்பாராம், ஆண்களைத்தான் பிடிக்குமாம், வீட்டுக்குத் தெரியாதாம். ஊரை விட்டு ஓடாமல் இந்தத் தொழிலுக்கு வர முடியுமா என்கிறார். நான் 2019-லிருந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வராது. நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறேன், சோறு போடுவது அதுதான். மாதம் 20-ம் தேதி ரிட்டர்ன் போட்டு முடிக்கும்வரை எனக்கு நகைச்சுவை உணர்ச்சியே கிடையாது. அதற்கப்புறம் வரும் சனிக்கிழமை புது பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் வண்டி ஏறுவேன். போக நாலரை மணி நேரம், வர நாலரை மணி நேரம், நடுவில் மேடையில் ஐந்து நிமிடம். சில இடங்களில் பேசுவதற்கு நாம்தான் பணம் கட்ட வேண்டும். நேரம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து செல்போன் டார்ச் அடிப்பார்கள். பாதி ஜோக்கில் இருந்தாலும் இறங்கிவிட வேண்டும்.

சரி, பணத்தை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல எங்கள் பட்டறைக்குப் போக வேண்டும்.

வீடு செவ்வாப்பேட்டை. அப்பா கொலுசு செய்பவர். பெரிய முதலாளி எல்லாம் இல்லை, வெள்ளியை வாங்கிக் கூலிக்குச் செய்து கொடுப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கும் அங்கே கைவேலை இருக்கும். எட்டு வயதில் ஒருநாள், ஜோடி சரியாக இருக்கிறதா பார்க்கலாம் என்று இரண்டு கொலுசையும் என் காலிலேயே மாட்டிக்கொண்டு வாசல்வரை நடந்தேன். பட்டறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்துத் திரும்பியும் ஒரு நடை நடந்தேன். அப்பா மட்டும் நிமிர்ந்து பார்க்காமல், “திருகாணி லூசா இருக்குது, கழட்டிக் குடு” என்றார்.

அந்த நாலு பேர் சிரிப்பை அப்புறம் எத்தனையோ இடத்தில் கேட்டேன். ஸ்கூலில், காலேஜ் பஸ்ஸில், கல்யாணப் பந்தியில். நம் சினிமாவில் நளினமாக ஒரு ஆண் நடந்து வந்தால் பின்னணியில் கோணலாக ஒரு இசை வருமே, அதற்குத் தியேட்டர் சிரிக்குமே, அந்தச் சிரிப்பு. மேடை ஏறினால் இதுதான் பிரச்சினை. மற்ற காமெடியன் சிரிப்பை வரவழைக்கப் பாடுபடுகிறான். எனக்கோ அது முன்கூட்டியே வந்து முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். இரண்டு தடவை கையை ஆட்டினால் போதும், ஹால் அதிரும். முதல் ஒரு வருடம் அதைத்தான் செய்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இருக்கும் நளினத்தைப் பத்து மடங்காக்கி, குரலை இழுத்து, இடுப்பை ஒடித்து. கைதட்டல் பிரமாதம். திரும்பி வரும் பஸ்ஸில் மட்டும் தர்மபுரி தாண்டியும் தூக்கம் வராது.

கொரோனா ஊரடங்கில் பட்டறையும் மேடையும் சேர்ந்து மூடியிருந்தபோது ஹன்னா காட்ஸ்பி என்கிற தன்பாலீர்ப்புக் காமெடியனின் நிகழ்ச்சியைப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் ஸ்மித்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அந்தத் தீவில் ஆணும் ஆணும் சேர்வது 1997 வரை குற்றம். நம் நாட்டில் அதைக் குற்றமாக்கிய 377-வது சட்டப்பிரிவு போய்ச் சேர்ந்தது 2018 செப்டம்பர் 6. அதே 2018-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘நானெட்’ நிகழ்ச்சியில் அவர், தன்னைத் தானே மட்டம் தட்டிச் சிரிக்க வைக்கும் வேலையை இனி செய்யப்போவதில்லை என்று மேடையிலேயே அறிவிக்கிறார். ஏற்கெனவே ஓரத்தில் நிற்கிற ஆள் அப்படிச் செய்தால் அது அடக்கம் ஆகாது, அவமானம் என்பது அவர் கட்சி. பாதியில் நிறுத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். மீதியை மறுநாள்தான் பார்த்தேன்.

நம் நாட்டிலும் வாசு பிரிம்லானி, நவீன் நரோனா என்று தங்களை மறைக்காமல் மேடையேறியவர்கள் உண்டு. ஆனால் அவர்களிடமிருந்து என்னால் கடன் வாங்க முடியாத ஒன்று மொழி. பெங்களூரில் “நான் கே (gay)” என்றால் ஜோக்குக்கு முன்பே கைதட்டிவிடுவார்கள், அது ஒரு இம்சை. அதையே தமிழில் எப்படிச் சொல்வது? தெருவில் இருக்கிற வார்த்தை எல்லாம் வசவு. 2022-ல் உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் தமிழக அரசு நம்மைக் குறிக்கிற சொற்களுக்கு ஒரு பட்டியலே அரசிதழில் வெளியிட்டது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் ‘தன்பாலீர்ப்பாளர்’ என்று மைக்கில் சொல்லிப் பாருங்கள். ஏதோ தாலுகா ஆபீஸ் பதவி மாதிரி இருக்கும். அதையே ஜோக்காக்கினேன்: “நான் தன்பாலீர்ப்பாளர். இல்லைங்க, நேரடி நியமனம். பரீட்சை எல்லாம் எழுதலை.” இடுப்பை ஆட்டாமல் எனக்குக் கிடைத்த முதல் சிரிப்பு அது.

அதற்கப்புறம் கண் திறந்தது. விஷயம் எல்லாம் ஊரிலேயே கொட்டிக் கிடக்கிறது. ஆடி மாதம் எங்கள் ஊர் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோடித்த வண்டிகளில் ஆண்கள் சாமி வேஷம் போட்டு வருவார்கள். எங்கள் மாமா ஒருவர் அம்மன் வேஷத்துக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்து மை தீட்டி, ஜடை வைத்து, சேலை மடிப்பு கலையாமல் நிற்பார். ஊரே கும்பிடும். மறுநாள் காலை அதே மாமா, கண்ணில் மை முழுசாகப் போகாத மாமா, என்னைக் கூப்பிட்டு “ஏன்டா பொம்பளை மாதிரி கையை ஆட்டிப் பேசற” என்பார். இதில் நான் எதையும் சேர்க்க வேண்டியதே இல்லை. மாமா அம்மனாக நிற்கிற தோரணையைக் காட்டி, அந்த வசனத்தைச் சொல்லிவிட்டுச் சும்மா நின்றால் போதும்.

எனக்குச் சோறு போடாவிட்டாலும் பேர் வாங்கிக் கொடுத்த ஜோக் ஒரு ரயில். ஈரோட்டிலிருந்து சேலம் வழியாகச் சென்னைக்கு ராத்திரி போகிற வண்டி, பேர் ஏற்காடு எக்ஸ்பிரஸ். ஏற்காடு பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காது. “அதைக் கூப்பிட்டு யாராவது ‘இவ்வளவு அழகா மலை பேரை வச்சுட்டு ஏன் இப்படித் திரியற’ன்னு கேக்கறீங்களா? டிக்கெட் எடுத்துட்டு ஏறிப் படுத்துக்கறீங்க. என்கிட்ட மட்டும் ஏங்க?”

இதை ஏற்காட்டிலேயே சொல்ல ஒரு வாய்ப்பு வந்தது. ஒரு கம்பெனியின் குடும்ப விழா, ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட். 20 கொண்டை ஊசி வளைவையும் பைக்கில் ஏறி, கை விறைத்துப் போய் நிற்கிறேன். ஏற்பாட்டாளர் தனியே அழைத்து, “தம்பி, குடும்பமா வந்திருக்காங்க, அந்த மேட்டர் மட்டும் வேண்டாம்” என்றார். சரி என்றேன். ரயில் ஜோக்கில் ரயிலை மட்டும் வைத்துக்கொண்டு என்னை எடுத்துவிட்டேன். பெரிதாக எடுபடவில்லை. முடிந்து, பஜ்ஜித் தட்டோடு ஒதுங்கி நிற்கும்போது ஐம்பது வயதிருக்கும் ஒருவர் பக்கத்தில் வந்தார். “அந்த ரயில்ல நான் ரொம்ப வருசமா போய்ட்டிருக்கேன் தம்பி” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. பனிக்குள் அவர் மனைவி கூப்பிட்டார், போய்விட்டார். எதை மனதில் வைத்துச் சொன்னார் என்று யோசித்துக்கொண்டே மலை இறங்கினேன். ஈரோட்டுக்காரர் என்று அப்புறம் தெரிந்தது. நிஜமாகவே ரயிலைத்தான் சொல்லியிருப்பாரோ என்னவோ. (பேசியது ஐயாயிரம், கொடுத்தது மூவாயிரமும் ஒரு கிலோ காபித்தூளும்.)

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அம்மாவிடம் அடுப்படியில்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “பேப்பர்ல வந்துச்சே, நம்ம ஊரு புள்ள, எஸ்.ஐ. ஆச்சே, அது மாதிரியா கண்ணு?” என்றார். வழக்குப் போட்டு ஜெயித்து 2017-ல் சப்-இன்ஸ்பெக்டரான திருநங்கை பிரித்திகா யாஷினியைச் சொல்கிறார். அவர் சேலத்துக்காரர் என்பதில் அம்மாவுக்குப் பெருமை. “இல்லம்மா, அவங்க வேற, நான் வேற. நான் ஆம்பளைதான், எனக்கு ஆம்பளையைத்தான் பிடிக்கும்” என்றேன். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, “அப்ப எஸ்.ஐ. வேலையும் கிடைக்காதா” என்றார்.

இதை மேடையில் சொல்லலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். எவ்வளவு தருவார்கள் என்று கேட்டார். அப்பாவிடம் நானாகச் சொல்லவில்லை, அம்மா சொல்லியிருப்பார். அவர் எதுவும் கேட்டதில்லை. பெங்களூர் போகிற சனிக்கிழமைகளில் பைக்கில் பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுபோய் விடுகிறார், அவ்வளவுதான்.

ஆக, சேலத்தில் முடியுமா? ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடி ஹாலை வாடகைக்கு எடுத்து இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை நானும் இரண்டு நண்பர்களும் நடத்துகிறோம். நாற்பது நாற்காலி போடுவோம், முப்பது நிறையும். இடைவேளையில் தட்டுவடை செட் உண்டு, அதற்காகவே வருகிறவர்களும் உண்டு. குறுக்கே கத்துகிறவர்கள் உண்டு. வெளியே போகிறவர்கள் குறைவு, தட்டுவடை வருமே. உங்களுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கச் சொல்கிறேன். இந்தப் பதிலின் கீழே எழுதுங்கள்.

சொந்தப் பேரில் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. நானும் முதல் ஓபன் மைக்கில் (யாரும் பேர் கொடுத்து மேடையேறலாம்) பயந்துபோய் ஒரு கற்பனைப் பேரைத்தான் எழுதிக் கொடுத்தேன். நிகழ்ச்சியை நடத்தியவர் அந்தப் பேரை மூன்று முறை கூப்பிட்டார். யார்ரா இவன், இவ்வளவு நேரம் எல்லாரையும் காக்க வைக்கிறானே என்று நானும் எல்லாரோடும் சேர்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.