வாசகர் கேள்வி – பதில்: வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி அச்சிடுதல்

கேள்வி: நாற்றங்காலில் சிவப்புச் சேலை அணிந்த பெண்கள் நாற்றுப் பறிப்பதைப் படமெடுத்தேன். வண்ணத்தில் நன்றாக இருக்கும் அந்தப் படத்தைக் கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றினால், சேலையும் நாற்றும் ஒரே சாம்பலாகி உருவங்கள் மங்கிவிடுகின்றன. என்ன செய்வது?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: சிவப்பும் பச்சையும் நிறத்தால் வேறுபட்டாலும் ஒளியளவில் ஒன்றாக இருக்கக்கூடும் என்பதே இதற்குக் காரணம். ஒரே சொடுக்கில் நிறத்தை நீக்கும்போது பெரும்பாலான மென்பொருள்கள் ஒரு நிலையான விகிதத்தைக் கையாளுகின்றன. அவற்றுள் பரவலானது, சிவப்பில் 30, பச்சையில் 59, நீலத்தில் 11 விழுக்காடு எடுத்துக் கூட்டுவது. நம் கண் பச்சையை மிகுதியாக உணர்வதால் அமைந்த விகிதம் இது. கணினி ஒவ்வொரு நிறத்தின் அளவையும் 0 (கருமை) முதல் 255 (முழு வெளிச்சம்) வரை குறிக்கிறது. உங்கள் படத்தில் சேலையின் அளவுகள் சிவப்பு 200, பச்சை 40, நீலம் 40 என்றும், நாற்றின் அளவுகள் 60, 110, 40 என்றும் வைத்துக்கொள்வோம். இந்த விகிதப்படி சேலை 88 ஆகவும் நாற்று 87 ஆகவும் வந்து நிற்கும். கண்ணால் பிரித்தறிய முடியாத வேறுபாடு அது.

ஆகவே விகிதத்தை நீங்களே முடிவு செய்ய வேண்டும். நிறங்களின் விகிதத்தை மாற்றும் கருவிகளான ஃபோட்டோஷாப்பின் சேனல் மிக்சரிலோ, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளின் மோனோ மிக்சரிலோ சிவப்புக்கு 60, பச்சைக்கு 30, நீலத்துக்கு 10 என்று கொடுத்துப் பாருங்கள். சேலை 136 ஆக வெளுத்து, நாற்று 73 ஆகக் கருத்து, பெண்களின் உருவங்கள் பயிரிலிருந்து தெளிவாக எழும். மூன்றின் கூட்டுத்தொகை 100 ஆக இருக்கும்வரை படத்தின் மொத்த வெளிச்சம் பெரிதாக மாறாது. சிவப்பைக் கூட்டினால் முகமும் கைகளும் சேர்ந்து வெளுக்கும் என்பதை மட்டும் கவனியுங்கள். வெயிலில் உழைப்பவர்களின் தோல் நிறத்தை வெளிறச் செய்வது அந்தப் படத்துக்கு நியாயமாகாது என்பதே என் கருத்து. அப்படி நேர்ந்தால் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று நிறம்தோறும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதியைப் பயன்படுத்தி, ஆரஞ்சை மட்டும் சற்றுக் குறையுங்கள்.

எந்த நிறத்தையும் அளவு மீறி இழுக்க வேண்டாம். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு; அதுவும் சுருக்கிச் சேமிக்கப்பட்டது. வானத்தைக் கருமையாக்க நீலத்தை முழுவதும் இறக்கினால், சீராக இருக்க வேண்டிய வானம் பட்டை பட்டையாகவும் புள்ளி புள்ளியாகவும் உடையும். கேமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்து, நிறப் படிகள் மிகப் பலவாக உள்ள 16 பிட் நிலையில் மாற்றுவது மிகவும் பாதுகாப்பானது. கேமராவிலேயே கறுப்பு வெள்ளை ஜேபெக்காக எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிறத் தகவல் அழிந்தபின் மேலே சொன்ன எதையும் செய்ய இயலாது.

கேள்வி: தாராசுரம் கோயிலின் கல் தேர் மண்டபத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி வீட்டு இங்க்ஜெட்டில் அச்சிட்டேன். குழல் விளக்கில் பச்சையாகவும் வெளியில் சற்றுச் சிவப்பாகவும் தெரிகிறது. சிற்பங்களின் நிழல் பகுதிகளும் அடைத்துக்கொண்டன.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இவை இரண்டு தனிச் சிக்கல்கள். நான்கு மைகள் மட்டுமே கொண்ட அச்சுப்பொறி, பளபளப்புத் தாளில் சாம்பலைப் பெரும்பாலும் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் மைகளைக் கலந்தே உருவாக்குகிறது. அக்கலவை ஒவ்வொரு விளக்கொளியிலும் வெவ்வேறாகத் தெரியும். கறுப்பு மையை மட்டும் பயன்படுத்தச் சொன்னால் நிறச்சாயல் நீங்கும். ஆனால் வெளிறிய பகுதிகளில் மைப்புள்ளிகள் துருத்தித் தெரியும். முழுமையான தீர்வு, கறுப்போடு சாம்பல் மைகளும் உள்ள அச்சுப்பொறிதான். எப்சன் நிறுவனம் 2005-இல் மூன்று அடர்த்திகளில் கறுப்பு மை கொண்ட பொறிகளையும், அவற்றுக்கென ‘அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்’ என்ற அச்சு முறையையும் கொண்டுவந்தபின் இது எளிதாயிற்று. அத்தகைய பொறி வைத்திருக்கும் கூடத்தில் கொடுத்து அச்சிடலாம். வீட்டுப் பொறியே போதும் என்றால், படத்துக்கு மெல்லிய பழுப்புச் சாயம் ஏற்றிவிடுங்கள். தூய சாம்பலில் உறுத்தும் சிறு நிறப்பிறழ்வு அதில் கண்ணுக்குப் படாது. மாலை வெயில் பட்ட சோழர் காலக் கல்லுக்கு அச்சாயம் பொருந்தவும் செய்யும்.

நிழல் அடைபடுவதற்குக் காரணம், தாளின் கறுப்பு திரையின் கறுப்பளவு ஆழம் காட்டாததே. பளபளப்பில்லாத மேட் தாளில் இது இன்னும் மிகுதி. 0, 5, 10, 15 என்று 60 வரை ஏறும் சாம்பல் கட்டங்களை வரைந்து, நீங்கள் பயன்படுத்தும் அதே தாளில் அச்சிட்டு, நன்றாக உலர்ந்தபின் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். 20 வரை எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரிந்தால், தேர்ச் சக்கரத்தின் செதுக்கல், குதிரையின் கால்கள் போன்று தெரிந்தே ஆக வேண்டிய நிழல்களைக் கர்வ்ஸ் (ஒளியளவை வளைகோட்டால் மாற்றும் மென்பொருள் கருவி) வழியாக 20-க்கு மேல் உயர்த்துங்கள். அச்சுப்பொறி அமைப்பில் சரியான தாள் வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் மை மிகுதியாகப் பாய்ந்து இதே சிக்கல் வரும் என்பதால், அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அச்சிட்ட படத்தை உடனே கண்ணாடிச் சட்டத்தில் மாட்டலாமா?
– ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: வேண்டாம். குறைந்தது ஒரு நாள் உலர விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நம் பகுதியின் ஈரக்காற்றுக்கு இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். நீர்மத்தில் கரைந்த சாய மையைவிட, நுண்துகள்களாக உள்ள நிறமி மை ஈரத்தையும் வெளிச்சத்தையும் நன்கு தாங்கும். படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளாதபடி, சுற்றிலும் கெட்டி அட்டை வைத்து இடைவெளி விட்டுச் சட்டமிடச் சொல்லுங்கள்.